உருகும் ஜெல்லியும் உருகாத ஜெல்லியும்



சித்திரை மாதத்து நண்பகல். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையிலே உள்ள ராசிங்காபுரத்தில் ஒரு வீட்டுக்கு நீங்கள் விருந்தாளியாகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலைத்தொடர் நீலமாகத் தெரிகிறது. அங்கே ஏலத்தோட்டங்களில் குளிர்காற்று வீசிக்கொண்டிருக்கும். இங்கேயோ திண்ணைக் கல் கால் வைக்க முடியாமல் சுடுகிறது.

அந்த வீட்டில் உங்கள் வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கடையில் வாங்கிய ஜெலட்டின் பொடியைக் கொண்டு முதல் நாள் இரவே அவள் திராட்சை ஜெல்லி செய்து குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். காலையில் அது நன்றாகக் கெட்டிப்பட்டு, கிண்ணத்தைத் தட்டினால் குலுங்கியது. நீங்கள் வரும் நேரம் பார்த்து வெளியே எடுத்து வைத்தாள். உங்கள் பேருந்து ஒரு மணி நேரம் தாமதம். நீங்கள் உள்ளே நுழையும்போது கிண்ணத்தில் இருந்தது ஜெல்லி அல்ல, திராட்சை சர்பத்து!

அவள் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பாட்டி, "அழுகாத தாயி, இந்தா இதைக் குடு" என்று ஒரு தட்டை நீட்டினார். அதில் சதுரம் சதுரமாக வெட்டிய கடற்பாசித் துண்டுகள். அதுவும் காலையில் செய்ததுதான். அந்த வீட்டில் குளிர்பெட்டியே கிடையாது. ஆனால் அந்தத் துண்டுகள் அந்த வெயிலிலும் அசையாமல் நின்றன.

இரண்டும் ஜெல்லிதான். ஒன்று உருகியது, ஒன்று நின்றது. ஏன்? இந்தக் கேள்விக்கு விடை காண்போம். விடை கண்டதும் நாமே இரண்டு ஜெல்லிகளையும் செய்து சோதித்துப் பார்ப்போம், பிறகு சாப்பிடுவோம்.

நீரைப் பிடித்து வைக்கும் வலை

ஜெல்லி என்பது என்ன? சர்க்கரையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், 100 பங்கு ஜெல்லியில் ஏறக்குறைய 97 அல்லது 98 பங்கு வெறும் நீர்தான். எஞ்சிய இரண்டு மூன்று பங்குதான் அத்தனை நீரையும் ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு வாளி நீரைக் கைப்பிடி நூலால் கட்டி நிறுத்துவது போன்ற வித்தை இது!

நூல் என்று சொன்னது வெறும் உவமை அன்று. ஜெலட்டினும் கடற்பாசிச் சத்தும் மிக நீண்ட மூலக்கூறுகள். சூடான நீரில் அவை தனித்தனி நூல்களாக அலைந்து திரியும். குளிரும்போது அந்த நூல்கள் அங்கங்கே ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இடமெல்லாம் முடிச்சு. முடிச்சுகள் பெருகினால் வலை. வலையின் கண்களில் நீர் சிக்கிக்கொள்கிறது. அதுவே ஜெல்லி.

மறுபடியும் சூடேற்றினால் முறுக்கு அவிழும், வலை கலையும், நீர் ஓடும். ஆகவே, 'எந்த வெப்பத்தில் முறுக்கு அவிழ்கிறது?' என்பதுதான் நம் கேள்வி.

ஆட்டுக்கால் சூப்பிலே ஒரு முப்புரிக் கயிறு

வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைத்த மறுநாள், குளிர்பெட்டியில் மிச்சம் இருந்ததை எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அது கிண்ணத்தோடு சேர்ந்து உறைந்திருக்கும். சூடாக்கினால் பழையபடி சூப் ஆகிவிடும். உங்கள் வீட்டிலேயே ஜெலட்டின் உண்டான காட்சி அது.

விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் தசைநாணிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. நெடுநேரம் கொதிக்க வைத்தால் அது சிதைந்து ஜெலட்டின் ஆகிறது. கடையில் விற்கும் ஜெலட்டின் பொடியும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுத்ததே. மரக்கறி உணவினர் பலர் அதைத் தவிர்ப்பது இதனால்தான்.

கொலாஜன் எப்படி அமைந்திருக்கிறது என்பது ஒரு காலத்தில் உலக அறிவியலார் பலரைத் திணற அடித்த புதிர். அதற்கு விடை சொன்னது நம் சென்னைதான்! சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி. என். ராமச்சந்திரனும், அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் இழைகளின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்தார்கள். கங்காருவின் வாலிலுள்ள தசைநாணும் அந்த ஆய்வில் பயன்பட்டது. 1954இல் அவர்கள் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். மறு ஆண்டில் அதை இன்னும் செம்மைப்படுத்தினார்கள். கொலாஜன் என்பது மூன்று இழைகளை ஒன்றாக முறுக்கிய முப்புரிக் கயிறு என்பதே அந்த முடிவு.

கொதிநீரில் இந்த முப்புரி பிரிந்து தனி இழைகள் ஆகின்றன. அதுதான் ஜெலட்டின். குளிரும்போது இழைகள் தம் பழைய முறுக்கை மீண்டும் அடைய முயல்கின்றன. ஆனால் முழுவதும் முடிவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு சிறு நீளத்துக்கு மட்டுமே முறுக்கிக்கொள்கின்றன. அரைகுறையான இந்த முறுக்கு மிக மெலிந்தது. ஏறக்குறைய 30° செ. வெப்பத்திலேயே அவிழத் தொடங்கிவிடும். நம் உடல் வெப்பம் 37° செ. ஆதலால் ஜெலட்டின் ஜெல்லி வாயில் போட்டதும் வழுக்கிக்கொண்டு உருகுகிறது. அதன் சுவையே அதில்தான் இருக்கிறது.

ஆனால் ராசிங்காபுரத்துச் சித்திரை வெயிலும் வாயைப் போலவே சூடாக இருந்தால் என்ன ஆகும்? கிண்ணத்திலேயே உருகிவிடும்! இதே கிண்ணத்தை 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் அந்தப் பெண்ணுக்கு வருத்தமே வந்திருக்காது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6° செ. குறையும் அல்லவா?

கடலில் விளையும் கயிறு

பாட்டி கொடுத்த ஜெல்லியின் கதை வேறு. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வீடுகளில் கடற்பாசி இல்லாத தட்டு அரிது. மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று கேட்டால் வைக்கோல் போன்ற வெள்ளை இழைகளைத் தருவார்கள். அறிவியலில் இதன் பெயர் அகர். பெயரில் சீனா இருந்தாலும் இதற்கான பாசி நம் மன்னார் வளைகுடாவிலும் விளைகிறது.

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று சொல்லப்படும் பாசிகள் பாறைகளைப் பற்றி வளர்கின்றன. கரையோரச் சிற்றூர்ப் பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி அவற்றைக் கையால் பறிக்கிறார்கள். பாறை கிழிக்கும், அலை தள்ளும். வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு அங்கே பாசி எடுப்பதற்குத் தடைகளும் உண்டு. பவளப்பாறையையும் காக்க வேண்டும். இந்தப் பெண்களின் பிழைப்பும் நடக்க வேண்டும். தட்டில் குலுங்கும் ஒரு துண்டு ஜெல்லிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அகர் புரதம் அன்று. மாவுச்சத்தைப் போலச் சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. குளிரும்போது இரண்டிரண்டு சங்கிலிகள் முறுக்கி இருபுரிக் கயிறுகள் ஆகின்றன. அந்தக் கயிறுகளும் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்கின்றன. கற்றையாகிய கயிற்றை அவிழ்ப்பது எளிதா? அகர்க் கரைசல் 40° செ. வெப்பத்துக்குச் சற்றுக் கீழே வரும்போது உறைகிறது. ஆனால் உறைந்ததை மீண்டும் உருக்க வேண்டுமானால் ஏறக்குறைய 85° செ. வரை சூடேற்ற வேண்டும்! சித்திரை வெயில் அதை என்ன செய்துவிடும்?

செய்து பார்ப்போம்

இனி வேலைக்கு வருவோம். பழத்துக்கு நாம் தொலைவில் போக வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் அறுவடையாகும் பன்னீர் திராட்சை போடிச் சந்தையில் கிடைக்கும். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மேல்நாட்டார் ஜெல்லிக்கு உறைய வைத்த 'பெர்ரி'ப் பழங்களைப் பயன்படுத்துவார்கள். தாவரவியல்படி திராட்சையும் ஒரு பெர்ரியே.

தேவையான பொருள்கள்: பன்னீர் திராட்சை அரைக் கிலோ, சர்க்கரை எட்டு மேசைக்கரண்டி, ஜெலட்டின் பொடி மூன்று மட்டமான தேக்கரண்டி (சுமார் 8 கிராம்), கடற்பாசி இழை 3 கிராம் (10 கிராம் பொட்டலத்தில் மூன்றில் ஒரு பங்கு), ஏலக்காய் இரண்டு. அடுப்பு வேலையின்போது அம்மாவோ அண்ணனோ உடன் இருக்கட்டும்.

முதல் நாள்: திராட்சையை நன்றாகக் கழுவி, காம்பு நீக்கி, ஈரம் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் இரவு முழுவதும் வையுங்கள். குளிர்பெட்டி இல்லாவிட்டால், உடைத்த பனிக்கட்டி மூன்று பங்கும் கல்லுப்பு ஒரு பங்கும் கலந்து ஒரு வாளியில் போட்டு, அதற்குள் டப்பாவைப் புதையுங்கள். உப்புக் கலந்த பனிக்கட்டி 0° செ. வெப்பத்துக்கும் வெகு கீழே குளிர்ந்துவிடும். குச்சி ஐஸ் செய்தவர்கள் பயன்படுத்திய உத்தி இது. உப்புநீர் டப்பாவுக்குள் புகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உறைய வைக்காத பழங்கள் பத்தை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

மறுநாள்: உறைந்த பழங்களை வெளியே எடுத்து இளக விடுங்கள். கல்லாக இருந்தவை தொய்ந்து போகும். அவற்றிலிருந்து பத்தை எடுத்து ஒரு துணியில் கட்டி இலேசாகப் பிழியுங்கள். உறையாத பத்துப் பழங்களையும் அதே அளவு அழுத்திப் பிழியுங்கள். எதில் சாறு கூடுதல்? எதில் நிறம் கூடுதல்?

உறைந்தவை தாம் வெல்லும். பழத்தின் ஒவ்வொரு செல்லும் நீர் நிறைந்த ஒரு சிறு பை. நீர் உறையும்போது ஊசி போன்ற பனிப்படிகங்கள் உண்டாகிச் செல் சுவர்களைக் குத்திக் கிழிக்கின்றன. உறைந்து இளகிய பழம் முன்போல் விறைப்பாக நிற்காததும் இதனால்தான். தின்பதற்கு அது குறை. சாறு எடுப்பதற்கு அதுவே வசதி. தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற ஊதா நிறப்பொருளும் வெளியேறிச் சாற்றில் கலக்கிறது.

எல்லாப் பழங்களையும் பிழிந்து வடிகட்டுங்கள். சாறு 300 மில்லி லிட்டர் இருக்கட்டும். குறைந்தால் கொதித்து ஆறிய நீரைச் சேருங்கள். பாதிச் சர்க்கரையும் ஓர் ஏலக்காயின் பொடியும் ஒவ்வொரு ஜெல்லிக்கும். சாற்றைச் சர்க்கரையோடு ஆவி பறக்கும் அளவுக்கு மட்டும் சூடாக்கி இரண்டு சம பங்காக்குங்கள். ஒவ்வொன்றும் 150 மி.லி.

முதல் கிண்ணம், ஜெலட்டின்: 50 மி.லி. குளிர்ந்த நீரின் மேல் பொடியைப் பரவலாகத் தூவிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். அது உப்பி வரும். பிறகு 100 மி.லி. சுடுநீர் ஊற்றிக் கலக்கிக் கரைத்து, ஒரு பங்கு சாற்றைச் சேருங்கள். பொடியை நேரே சுடுநீரில் கொட்டக் கூடாது. கொட்டினால் ஒவ்வொரு கட்டியின் வெளிப்புறமும் உடனே பசையாகி, உள்ளே நீர் புக வழி இல்லாமல் அடைத்துவிடும். ரவையை ஒரே மூச்சில் கொதிநீரில் கொட்டினால் உப்புமா கட்டி தட்டுகிறதே, அது போலத்தான். ஆறியபின் இந்தக் கிண்ணத்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். உறைவதற்குச் சில மணி நேரமாகும்.

இரண்டாம் கிண்ணம், கடற்பாசி: இழைகளை 150 மி.லி. நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, அதே நீரோடு கொதிக்க விடுங்கள். இழை ஒன்றுகூடக் கண்ணில் படாதபடி கரைய வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீரைச் சுடுநீரால் ஈடு செய்யுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே மற்றொரு பங்கு சாற்றைச் சேருங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். சாற்றோடு சேர்த்துக் கொதிக்க வைக்காதீர்கள். பழத்தின் புளிப்பு கொதிநிலையில் அகர்ச் சங்கிலிகளை வெட்டிவிடும், ஜெல்லி தளர்ந்துபோகும். சாறு குளிர்ந்தும் இருக்கக் கூடாது. பனிக்கட்டி போன்ற சாற்றை ஊற்றினால் பட்ட இடமெல்லாம் 40° செ. வெப்பத்துக்குக் கீழே போய், கலக்கும் முன்பே திட்டுத் திட்டாக உறைந்துவிடும். சாறு சூடாக இருக்கட்டும். இந்தக் கிண்ணத்துக்குக் குளிர்பெட்டி வேண்டாம். மேசையிலேயே ஒரு மணி நேரத்துக்குள் உறைந்துவிடும்.

இப்போது சோதனை. இரண்டு ஜெல்லியிலிருந்தும் ஒவ்வொரு துண்டை வெட்டி ஒரே தட்டில் வைத்து வெயிலில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இருபுரிக் கயிறும் முப்புரிக் கயிறும் நடத்தும் போட்டியை உங்கள் கண்ணால் காணலாம்.

அன்னாசி செய்யும் குறும்பு

இன்னொரு சோதனை. சாறு கலந்த ஜெலட்டின் கரைசலில் கொஞ்சம் எடுத்து மூன்று சிறு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் பச்சை அன்னாசித் துண்டு, ஒன்றில் உறைய வைத்து இளகிய அன்னாசித் துண்டு, ஒன்றில் பத்து நிமிடம் வேக வைத்த அன்னாசித் துண்டு போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் பார்த்தால், வேகவைத்தது மட்டும் உறைந்திருக்கும். மற்ற இரண்டும் தண்ணீராகவே நிற்கும்.

ஆட்டிறைச்சி சீக்கிரம் வேக வேண்டும் என்று பப்பாளிக்காய்த் துண்டு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பப்பாளியில் உள்ள பப்பெயின், அன்னாசியில் உள்ள புரோமிலெயின் ஆகிய நொதிகள் புரதத்தை வெட்டும் கத்தரிக்கோல்கள். ஜெலட்டின் புரதமாயிற்றே! நூல்களைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டால் வலை எப்படிப் பின்னும்? கொதிக்க வைத்தால் நொதி கெட்டுவிடும். உறைய வைத்தால் கெடாது. தூங்கிக் கிடந்து, இளகியதும் மறுபடி வெட்டத் தொடங்கும். 'குளிர் எல்லாவற்றையும் கொன்றுவிடும்' என்று நினைப்பவர்கள் இந்தக் கிண்ணத்தைப் பார்க்கட்டும்.

கடற்பாசி ஜெல்லியில் பச்சை அன்னாசியைப் போட்டாலோ, ஒன்றும் ஆகாது. அகர் புரதம் அன்று; அந்தக் கத்தரிக்கோலுக்கு இங்கே வேலை இல்லை.

சமையலறையிலிருந்து ஆய்வகத்துக்கு

நீங்கள் இப்போது கண்ட இந்த இரண்டு உண்மைகள் மருத்துவ வரலாற்றையே மாற்றின என்றால் நம்புவீர்களா?

1881ஆம் ஆண்டு வாக்கில் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்ற அறிஞர் நோய்க் கிருமிகளைத் தனித்தனியே வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கிருமிகளை வளர்க்க ஜெலட்டின் ஜெல்லியைப் பயன்படுத்தினார்கள். நோய்க் கிருமிகள் செழித்து வளர்வது நம் உடல் வெப்பத்தில். அந்த வெப்பத்தில் ஜெலட்டின் உருகிவிடும். போதாக்குறைக்கு, சில கிருமிகள் அன்னாசியைப் போலவே ஜெலட்டினை வெட்டித் தின்றுவிடும். ராசிங்காபுரத்துப் பெண்ணின் துயரம்தான் பெர்லின் ஆய்வகத்திலும்!

கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸி என்ற மருத்துவர் இதைப் பற்றித் தம் மனைவி ஃபேனி ஹெஸ்ஸியிடம் சொன்னார். ஃபேனி கணவருடைய ஆய்வுக்குப் படங்கள் வரைந்து உதவியவர். "என் பழ ஜெல்லி மட்டும் கோடையிலும் ஏன் உருகுவதில்லை?" என்பது அவருக்குத் தெரியும். அவர் ஜெல்லிக்கு அகர் போடுவார். நியூயார்க்கில் வளர்ந்த காலத்தில், ஜாவாத் தீவில் வாழ்ந்து வந்த அண்டை வீட்டார் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. அவர் யோசனைப்படி அகரைச் சோதித்தார்கள். அது உடல் வெப்பத்தில் உருகவில்லை. பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியவில்லை. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டார். ஆனால் ஃபேனியின் பெயர் அதில் இல்லை. இன்றும் உலகெங்கும் நோய்க் கிருமிகளை வளர்ப்பது அகர்த் தட்டில்தான். பாட்டியின் தட்டில் இருந்த அதே பொருள்!

இதில் நமக்கு ஒரு பாடமும் உண்டு. கிருமிகளுக்கு அகர்த் தட்டு வீடு என்றால், சர்க்கரையும் பழச்சாறும் கலந்த நம் ஜெல்லியும் அவற்றுக்கு விருந்துதான். கடற்பாசி ஜெல்லி உருகவில்லை என்பதால் கெடாது என்று எண்ணிவிடாதீர்கள். வெளியே வைத்ததை அன்றே சாப்பிட்டுவிடுங்கள். வெயில் சோதனைக்கு வைத்த துண்டைச் சாப்பிட வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை

ஒரு துண்டு கடற்பாசி ஜெல்லியை மிச்சம் வைத்து, உறைபகுதியில் இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் இளக விடுங்கள். திராட்சைச் செல்களைக் கிழித்த அதே பனிப்படிகங்கள் இங்கும் வேலை செய்திருக்கும். நீர் பிரிந்து வழியும். எஞ்சியது பஞ்சு போல இருக்கும். பிழிந்து வெயிலில் காய வைத்தால் இழையாக இறுகும்.

எங்கோ பார்த்தது போல் இருக்கிறதா? நீங்கள் கடையில் வாங்கிய சைனா கிராஸ் இழைதான் அது! 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் ஒரு விடுதிக்காரர் மிஞ்சிய பாசி ஜெல்லியைக் குளிர்காலத்தில் வெளியே வீசினார் என்றும், இரவில் உறைந்து பகலில் இளகி அது காய்ந்த இழையானதைக் கண்டார் என்றும் அங்கே ஒரு கதை வழங்குகிறது. அகருக்கு ஜப்பானியர் இட்ட பெயர் கான்டென்; 'குளிர்ந்த வானம்' என்று பொருள்.

காய்ந்த அந்த இழையை மறுபடி ஊற வைத்துக் கொதிக்க வைத்தால் மறுபடி ஜெல்லி ஆகுமா? அதை நான் சொல்லப்போவதில்லை. செய்து பார்த்துவிட்டு உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.